சொன்னது ஒன்று, போய்ச் சேர்ந்தது ஒன்று: தகவல் தொடர்பை வகுப்பறையில் விளையாடிக் காட்டுவது எப்படி?

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் கல்லூரிப் பேருந்துக்கு நிற்கிற பிள்ளைகளிடம் கம்யூனிகேஷன் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "இங்கிலீஷ் நல்லா பேசறது" என்று பதில் வரும். வேலைக்கான நேர்முகத் தேர்வில் தேறாமல் திரும்பிய பையனைப் பற்றி வீட்டில் "கம்யூனிகேஷன் வீக்காம்" என்று பேசிக்கொள்வார்கள். அவனுக்கு ஆங்கிலம் தடுமாறியது என்பதற்கு மேல் அதில் எதுவும் இருக்காது. தமிழில் தெளிவாக வழி சொல்லத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்களை யாரும் கம்யூனிகேஷன் வீக் என்று சொல்வதில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் வேறொரு கோளாறு. அனுப்புநர், பெறுநர் என்று போட்டுக் கடிதம் எழுதியே வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். தகவல் தொடர்பு என்றதும் இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி, நடுவில் ஓர் அம்புக்குறி என்று வரைந்து முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆசிரியப் பயிற்சிக்கு வருகிறவர்களும் அதே படத்தைத்தான் வரைகிறார்கள். அந்த அம்புக்குறிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

அங்கே நடப்பதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கரும்பலகையில் எழுதிப்போட்டு அதை விளக்குவது கடினம். பிள்ளைகளை விளையாட விட்டால் ஒரு பாடவேளையில் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். கீழே வருகிற செயல்பாடுகளை ஆறாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை யாருக்கும் நடத்தலாம். தாளும் பென்சிலும் போதும், ஸ்மார்ட் போர்டு வேண்டியதில்லை.

வாய்க்காலில் தண்ணீர் போவது போலவா?

காவிரிப் படுகையில் வளர்ந்தவர்களுக்குப் பேச்சு என்பது பாசனம் மாதிரி என்ற எண்ணம் இயல்பாக வந்துவிடும். வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி மேட்டூரில் ஷட்டரைத் தூக்குகிறார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. அங்கிருந்து கிளை வாய்க்கால், அப்புறம் கன்னி வாய்க்கால், கடைசியில் வயல். நடுவில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்ளலாம், கரை உடைத்துக்கொள்ளலாம், கடைமடையான பேராவூரணிக்குப் பாதி அளவுகூட எட்டாமல் போகலாம். ஆனால் எட்டுகிறது எதுவோ அது தண்ணீர்தான். மேட்டூரில் தண்ணீராகக் கிளம்பியது பேராவூரணியில் மோராகப் போய்ச் சேராது.

பேச்சில் சேரும். அதுதான் வித்தியாசம். என் மனதில் இருக்கிற எண்ணம் என் வாய் வழியாக வெளியே வந்து உங்கள் காது வழியாக உள்ளே போவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். எண்ணம் எங்கும் போவதில்லை, என் தலையிலேயேதான் இருக்கிறது. வெளியே போவது காற்றில் ஓர் அதிர்வு, அல்லது தாளில் சில கோடுகள். அதைப் பெறுகிறவர் தன்னிடம் ஏற்கெனவே உள்ள சொற்கள், அனுபவம், அன்றைய மனநிலை எல்லாவற்றையும் வைத்துத் தன் தலைக்குள் ஓர் எண்ணத்தைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறார். அது என்னுடையதை ஒத்திருந்தால் பிழைத்தோம்.

ஆகவே வழியில் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பதற்கு மட்டும் வாய்க்கால் உதவும். என்ன போகிறது என்று கேட்டால் அதை விட்டுவிட்டு வகுப்புக்குப் போக வேண்டியதுதான்.

பெஞ்சில் தட்டும் பாட்டு

முதலில் இதை நடத்துங்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும். இரண்டு இரண்டு பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே அதன் தாளத்தை மட்டும் விரலால் பெஞ்சில் தட்ட வேண்டும். முணுமுணுக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது. மற்றவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். தட்டத் தொடங்குவதற்கு முன்னால் தட்டுகிறவரிடம் ஒரு கேள்வி: "இவன் கண்டுபிடிச்சிடுவானா?" பதிலைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். பெரும்பாலும் "ஈஸி டீச்சர்" என்றுதான் சொல்வார்கள்.

பிறகு நடப்பதைப் பாருங்கள். தட்டுகிறவன் பல்லவியை முடித்துச் சரணத்துக்குப் போயிருப்பான். எதிரே இருப்பவன் விழித்துக்கொண்டிருப்பான். "இதுகூடத் தெரியலையாடா?" என்று தட்டுகிறவனுக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் வருகிற இடத்தில் விளையாட்டை நிறுத்துங்கள். பாடம் அங்கேதான் இருக்கிறது.

1990இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி இதே சோதனையைச் செய்தார். 120 பாடல்கள் தட்டப்பட்டன. கேட்டவர்கள் கண்டுபிடித்தது 3. தட்டியவர்களோ பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்பியிருந்தார்கள். ஏன் இவ்வளவு தூரம்? தட்டுகிறவரின் தலைக்குள் மெட்டு, வரிகள், நாதஸ்வரம், தவில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரே இருப்பவருக்குக் கிடைப்பது டக், டக், டக்டக். தன் காதில் கேட்கும் கச்சேரி அவருக்கும் கேட்கிறது என்று தட்டுகிறவர் நம்பிவிடுகிறார்.

இங்கே இரண்டு கலைச்சொற்களை அறிமுகப்படுத்தலாம். மனதில் உள்ளதைச் சொல், எழுத்து, சைகை, தட்டல் என்று வெளியே அனுப்பக்கூடிய குறியாக மாற்றுவது குறியாக்கம். வந்த குறியிலிருந்து ஒரு பொருளைக் கட்டிக்கொள்வது குறிவிளக்கம். பாட்டு விளையாட்டில் குறியாக்கத்தின்போதே மெட்டும் வரிகளும் கழன்றுவிட்டன. எதிரே இருப்பவர் மக்கு என்பதால் தோற்கவில்லை.

கணக்கு வாத்தியார்களுக்கும் இந்த விளையாட்டை ஒருமுறை நடத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கரும்பலகையில் மூன்று வரியைத் தாண்டி நான்காவதற்குப் போகிறபோது அவர்கள் செய்வதும் பெஞ்சில் தட்டுவதுதான்.

நீல டிக் எதைச் சொல்கிறது?

பெட்டியும் அம்புக்குறியும் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது. 1948இல் பெல் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலைபார்த்த கிளாட் ஷானன் என்ற கணிதவியலாளர், ஒரு கம்பி வழியே குறிகளைப் பிழையில்லாமல் எவ்வளவு அனுப்ப முடியும் என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். தகவல் பிறக்கும் இடம், அனுப்பும் கருவி, குறி, இரைச்சல், பெறும் கருவி, சேருமிடம் என்ற படம் அதில்தான் இருக்கிறது. செய்தியின் பொருளுக்கும் தன் பொறியியல் கணக்குக்கும் தொடர்பில்லை என்று அவரே அதில் சொல்லியிருக்கிறார். கம்பிக்காக வரைந்த படத்தைத்தான் நாம் மனிதர்களுக்குப் பாடமாக வைத்திருக்கிறோம்.

மறு ஆண்டு வாரன் வீவர் என்ற அறிவியலாளர் இதை விரித்து எழுதியபோது மூன்று படிகளைப் பிரித்துக் காட்டினார். குறிகள் சரியாகப் போய்ச் சேர்ந்தனவா என்பது முதல் படி. அவை நினைத்த பொருளைத் தந்தனவா என்பது இரண்டாவது. அந்தப் பொருளுக்கேற்ற செயல் நடந்ததா என்பது மூன்றாவது.

பிள்ளைகளுக்குப் புரிய வைக்க வாட்ஸ்அப் போதும். ஒரு டிக் வந்தால் செய்தி கிளம்பிவிட்டது. இரண்டு டிக் என்றால் அவருடைய போனுக்குப் போய்விட்டது. நீலமானால் திறந்துவிட்டார். மூன்று அடையாளமும் வீவரின் முதல் படியைத் தாண்டவில்லை. நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுவரும் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. இதை ஊர்க் குழுவில் யாரோ போடுகிறார்கள். எல்லோருக்கும் நீல டிக் விழுந்துவிட்டது. ஒருவர் களத்துக்குப் போய் ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிக்கிறார், நறுக்கென்று உடைகிறது, "காஞ்சிருச்சு" என்று மூட்டை பிடித்துவிடுகிறார். கொள்முதல் நிலையத்துக்குப் போனால் ஈரப்பதக் கருவி 19 காட்டுகிறது. முதல் படியில் குறையே இல்லை. இரண்டாவது படியில் '17' என்ற எண் 'நல்லாக் காஞ்சது' என்று ஆகிவிட்டது. மூன்றாவது படியில் மூட்டையைப் பிரித்து மறுபடி காயவைக்க வேண்டியதாயிற்று.

சுருக்கமாக: எண்ணம் நேராகப் போவதில்லை, குறிதான் போகிறது. குறி போய்ச் சேர்வதும் பொருள் போய்ச் சேர்வதும் வேறு வேறு. பொருள் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்கு எப்படித் தெரியும் என்பது அடுத்த கேள்வி.

முதுகோடு முதுகு

ஒரே ஒரு செயல்பாட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை நடத்துங்கள், மற்றவற்றை விட்டுவிடலாம்.

ஒரு தாளில் ஐந்து செவ்வகங்களை வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததை ஏதாவது ஓர் இடத்தில் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஒன்றிரண்டு சாய்ந்திருக்கட்டும். ஒரு மாணவியிடம் அந்தத் தாள். அவள் வகுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாயால் விவரிக்க, மற்றவர்கள் வரைய வேண்டும். முதல் சுற்றில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. இரண்டாம் சுற்றில் வேறு படம். இப்போது அவள் வகுப்பைப் பார்த்து உட்காரலாம், பிள்ளைகள் கேள்வி கேட்கலாம், ஆனால் அவள் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லலாம். மூன்றாம் சுற்றில் இன்னொரு படம், தாராளமாகப் பேசிக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆன நேரத்தையும், எத்தனை பேர் சரியாக வரைந்தார்கள் என்பதையும் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

முதல் சுற்றை அருகிலிருந்து கவனிக்க வேண்டும். "ஒரு செவ்வகம் போடுங்க. அதுக்குக் கீழ இன்னொண்ணு, கொஞ்சம் சாய்ஞ்சாப்ல" என்பாள். செவ்வகம் படுத்திருக்கிறதா, நிற்கிறதா? கீழே என்றால் ஒட்டியா, இடைவெளி விட்டா? எந்தப் பக்கம் சாய்வு? அவள் கண்ணுக்கு எதிரே படம் இருப்பதால் இந்தக் கேள்விகள் அவளுக்குத் தோன்றுவதே இல்லை. வரைகிறவர்களில் பாதிப்பேர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள், சிலர் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள், பின்வரிசையில் ஒருவன் வீடு வரைந்துகொண்டிருப்பான். அவளோ கடகடவென்று முடித்துவிட்டு நிம்மதியாகத் திரும்புவாள். முதல் சுற்றுதான் சீக்கிரம் முடியும். அதில்தான் படங்கள் மிக மோசமாகவும் இருக்கும்.

லீவிட், முல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1951இல் இதே போன்ற செவ்வகங்களை வைத்து ஆராய்ந்தார்கள். எதுவுமே கேட்க முடியாத நிலை, முகத்தை மட்டும் பார்க்க முடிகிற நிலை, ஆமாம் இல்லை நிலை, தடையில்லாப் பேச்சு என்று நான்கு நிலைகள். பேச்சுக்கு இடம் கூடக்கூடத் துல்லியம் கூடியது. சொன்னவருக்கும் கேட்டவருக்கும் நம்பிக்கையும் கூடியது. கூடவே நேரமும் அதிகம் பிடித்தது. நேரத்தைக் கரும்பலகையில் எழுதச் சொன்னது இதற்காகத்தான். "எல்லாருக்கும் ஒரு தடவை சொல்லியாச்சு" என்கிற தலைமையாசிரியரும், முடிவே இல்லாமல் நீளும் ஊர்க் கூட்டமும் ஏன் அப்படி இருக்கிறார்கள் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

பெற்றவரிடமிருந்து அனுப்பியவருக்குத் திரும்பி வந்து, அவர் அடுத்துச் சொல்லப்போவதை மாற்றுகிற எதுவும் பின்னூட்டம். பின்பாதியை அழுத்திச் சொல்கிறேன், அடுத்துச் சொல்லப்போவதை மாற்ற வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து "புரிஞ்சுது டீச்சர்" என்று இழுக்குமே, அது பின்னூட்டத்தில் சேராது. "வணக்கம் டீச்சர்" என்று எழுந்து நிற்கிற அதே ராகம் அது. "நான் சொன்னதை உன் வார்த்தையில சொல்லு" என்று ஒரு பிள்ளையை எழுப்பிக் கேளுங்கள், உண்மை தெரிந்துவிடும்.

காதோடு காதாகச் சொல்லும் விளையாட்டில் விட்டுப்போனது

வரிசையாக உட்கார்ந்து ஒருவர் காதில் ஒருவர் செய்தி சொல்லி, கடைசியில் வருவதைக் கேட்டுச் சிரிக்கும் விளையாட்டு எல்லாப் பயிற்சி முகாமிலும் உண்டு. சிரித்து முடித்ததும் "பார்த்தீங்களா, இப்படித்தான் வதந்தி பரவுது" என்று பயிற்சியாளர் முடித்துவிடுவார். எனக்கு இதில் பெரிய குறை உண்டு. செய்தி எங்கே, எப்படி, ஏன் மாறியது என்று யாரும் பார்ப்பதில்லை. பாடம் வேடிக்கையாகப் போய்விடுகிறது.

அதையே சோதனையாக மாற்றலாம். வகுப்பை மூன்று வரிசையாக்குங்கள். மூன்றுக்கும் ஒரே செய்தி: "சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வடக்கு வாய்க்கால் மதகைத் திறக்கிறாங்க. தெற்குத் தெரு ஆளுங்க மூணு நாள் கழிச்சு அவங்க முறைக்குத் தண்ணி பாய்ச்சிக்கலாம்." முதல் வரிசை வழக்கம்போல ஒருமுறை மட்டும் காதில் சொல்லட்டும். இரண்டாம் வரிசையில் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி, சொன்னவர் தலையாட்டிய பிறகுதான் அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். மூன்றாம் வரிசையில் ஒவ்வொருவரும் தான் கேட்டதை ஒரு சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொண்டு அடுத்தவர் காதில் சொல்லட்டும். முடிந்ததும் மூன்றாம் வரிசையின் சீட்டுகளை வரிசைப்படி கரும்பலகையில் ஒட்டுங்கள். எந்த ஆளிடம் 'மூணு நாள்' உதிர்ந்தது, யாரிடம் 'தெற்கு' போய் 'வடக்கு' மட்டும் நின்றது என்று கண்ணால் பார்க்கலாம்.

உதிர்வதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இங்கிலாந்தின் ஃபிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படித்துச் சொன்ன ஆங்கிலேயர்கள் அதைச் சுருக்கிக்கொண்டே போனார்கள். பழக்கமில்லாதது பழகியதாக மாறியது. மரத்தைக் குடைந்த ஓடம் சாதாரணப் படகானது, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது. நம் வகுப்பிலும் இதுவே நடக்கும். முறைப்பாசனம் தெரியாத டவுன் பிள்ளையிடம் 'அவங்க முறைக்கு' என்பது முதலில் கழன்றுவிடும். 'சனிக்கிழமை தண்ணி வருது' என்பது மட்டும் கடைசிவரை தங்கும்.

செய்தியைக் கெடுக்கும் எதுவும் இரைச்சல். ஆடி மாதத்தில் கோயில் குழாய் ஸ்பீக்கரோ, ஜன்னலுக்கு வெளியே ஓடும் அறுவடை இயந்திரமோ மட்டும் இரைச்சல் என்று நினைக்க வேண்டாம். தெரியாத சொல் வந்து விழுவதும் இரைச்சல். மதியச் சாப்பாட்டு மணியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் மனமும் இரைச்சல்.

இரைச்சலுக்கு மருந்து, தேவைக்கு மேல் கொஞ்சம் சொல்வது. இதை மிகைமை என்பார்கள்: ஒரு பகுதி தொலைந்தாலும் மற்ற பகுதியிலிருந்து மீட்டுக்கொள்ள வசதியாக, ஒரே தகவலை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வைப்பது. தமிழ் இதைத் தானாகவே செய்கிறது. "நாங்க நாளைக்கு வருவோம்" என்பதில் 'நாங்க' காற்றில் போனாலும் வினையின் கடைசியில் உள்ள 'ஓம்' காப்பாற்றிவிடும். 'நாளைக்கு' கேட்காவிட்டாலும் இனிமேல்தான் வரப்போகிறார்கள் என்பது 'வருவோம்' என்பதிலேயே இருக்கிறது. எண்ணுக்கும் கிழமைக்கும் மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. 'ஏழு' என்பது 'ஏழரை' ஆனால் கண்டுபிடிக்க வழியே கிடையாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் "காலைல ஏழு மணிக்கு, ஸ்கூல் வண்டி வர்றதுக்கு முன்னாடி" என்று இரண்டாகச் சொல்கிறார்கள்.

இதைப் பார்க்க ஒரு தந்தி விளையாட்டு. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுவிட்டதால் இன்றைய பிள்ளைகளுக்கு அது கதைதான். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார்கள் என்றால் வாயைப் பிளப்பார்கள். ஒரே செய்தியைப் பத்துச் சொல்லிலும் இருபத்தைந்து சொல்லிலும் எழுதச் சொல்லுங்கள். பிறகு குலுக்கலில் விழும் இரண்டு சொற்களை இரண்டு தாளிலும் அடித்துவிட்டுப் பக்கத்துக் குழுவிடம் கொடுங்கள். நீண்ட தாளை எளிதாக மீட்டுவிடுவார்கள். சிக்கனமான தந்தி முழுகிவிடும்.

கூண்டு எண் ஏறினால் புயல் பெரிதா?

நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் கடற்கரையில் எல்லோரும் எண்ணைத்தான் கேட்பார்கள். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததைப் பார்த்த தலைமுறைக்கு அந்த எண் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. பகலில் உருளையும் கூம்பும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும் கம்பத்தில் ஏறும். மொத்தம் 11 குறிகள்.

வகுப்பில் கேட்டுப் பாருங்கள்: 5 ஆபத்தா, 6 ஆபத்தா? எல்லோரும் 6 என்பார்கள். உண்மையில் 5, 6, 7 மூன்றும் ஒரே வகை அபாயம். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதைத்தான் எண் பிரித்துச் சொல்கிறது. 7 என்றால் துறைமுகத்தின் மேலேயே, அல்லது மிக அருகில். 8, 9, 10 பெரும் அபாயம். அவற்றுக்குள்ளும் இதே பிரிவுதான். 11 என்பது இருப்பதிலேயே பெரிய புயல் என்று நினைத்தால் அதுவும் தவறு. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான குறி அது. தகவல் தொடர்பு நின்றுபோனது என்ற தகவலைச் சொல்ல ஒரு குறி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், பாடம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்தக் குறிகள் கப்பல் மாலுமிகளுக்காக அமைந்தவை. அட்டவணை கையில் உள்ளவருக்கு ஒரு பொருள், இல்லாதவருக்கு வேறு பொருள். வில்பர் ஷ்ராம் என்ற தகவல் தொடர்பு அறிஞர் 1954இல் சொன்னது இதுதான்: அனுப்புகிறவருக்கு ஓர் அனுபவ வட்டம், பெறுகிறவருக்கு ஓர் அனுபவ வட்டம், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதியில்தான் பேச்சு நடக்கும்.

அந்தப் பகுதியின் அகலத்தைப் பார்க்க, மீனவக் குடும்பத்துப் பிள்ளையையும் வயல்காட்டுப் பிள்ளையையும் ஜோடி சேருங்கள். நாகை, மயிலாடுதுறை மாவட்டப் பள்ளிகள் பலவற்றில் இருவரும் ஒரே பெஞ்சில்தான் இருக்கிறார்கள். வயல்காட்டுப் பையன் "மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுமுதல்" (ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை விளைச்சல்) என்று வீட்டில் கேட்டதைச் சொல்லட்டும். மீனவப் பெண் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பிரித்துச் சொல்லட்டும். மூன்று மா ஓர் ஏக்கர் என்பது இவனுக்குச் சொல்லாமலே தெரியும், அவளுக்குத் தெரியாது. எந்தக் காற்றுக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். இவனுக்குக் காற்று என்றால் காற்று. ஒவ்வொருவரும் மற்றவரின் ஒரு சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வாக்கியம் தப்பாக வந்தால் சொல்லின் சொந்தக்காரர் திருத்துவார். வட்டம் அகலமாவதை வகுப்பே பார்த்துவிடும்.

இதுவரை வந்தவை: குறியாக்கம், குறிவிளக்கம், பின்னூட்டம், இரைச்சல், மிகைமை, பொதுவான அனுபவம். ஊடகத்தைத் தனியாக எடுக்கவில்லை. எந்த வழியாகக் குறி போகிறதோ அது ஊடகம், அவ்வளவுதான். ஒவ்வொரு செயல்பாட்டிலும் அது மாறியதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அந்த 93 சதவீதக் கதை

தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அடிக்கடி விடும் ஒரு கணக்கு உண்டு: தகவல் தொடர்பில் சொற்களின் பங்கு வெறும் 7 சதவீதம், குரல் 38, உடல்மொழி 55, ஆகச் சொல் அல்லாதது 93. ஆல்பர்ட் மெராபியன் என்ற உளவியலாளரின் 1967ஆம் ஆண்டு ஆய்வுகளிலிருந்து வந்தது இது. அவர் சோதித்தது ஒற்றைச் சொற்களை. சொல் ஒரு மாதிரியும் குரலும் முகமும் வேறு மாதிரியும் இருந்தால், பேசுகிறவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதுதான் கேள்வி. அதைத் தூக்கி எல்லாப் பேச்சுக்கும் மாட்டிவிட்டார்கள். அப்படிப் பொருந்தாது என்று மெராபியனே சொல்லியிருக்கிறார்.

வாதாட வேண்டாம். ஒரு மாணவனை முன்னால் அழைத்து, "தமிழ்த் தேர்வு புதன்கிழமை இல்லை, வியாழக்கிழமை" என்பதைச் சொல்லே இல்லாமல் முகத்தாலும் கையாலும் சொல்லச் சொல்லுங்கள். 93 சதவீதம் கையில் இருக்கிறதல்லவா? ஐந்து நிமிடம் கொடுங்கள். வகுப்பு சிரித்து ஓய்ந்த பிறகு யாரையாவது எழுப்பி, தேர்வு என்றைக்கு என்று கேளுங்கள்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் செய்தி

கடைசிச் செயல்பாடு பள்ளிக்கு வெளியே நடக்கிறது. ஏதாவது உண்மையான செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள்: பெற்றோர் கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எதைக் கையோடு கொண்டுவர வேண்டும். சுற்றறிக்கை கொடுக்காதீர்கள். பிள்ளைகள் வாயால் வீட்டில் போய்ச் சொல்லட்டும். ஒருமணி நேரம் கழித்து, கேட்ட பெரியவரிடம் "நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்" என்று திருப்பிக் கேட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே நோட்டில் எழுதிவர வேண்டும்.

மறுநாள் நோட்டுகளை வாங்கிக் கிழமை, நேரம், கொண்டுவர வேண்டியது என்று மூன்று பத்தி போட்டு எது எங்கே விழுந்தது என்று வகுப்பாகக் கணக்கெடுங்கள். எது அதிகம் தொலைந்ததோ, அதற்கு எந்த இடத்தில் மிகைமை சேர்க்கலாம் என்று பிள்ளைகளிடமே கேட்டு, செய்தியைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள். "அம்மாகிட்ட சொல்லிட்டேன் டீச்சர்" என்று மட்டும் எழுதியிருக்கிற நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அம்மா என்ன சொன்னார் என்பது அதில் இல்லை.